நிற்கிற வண்டிக்குப் போட்ட டயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் பிரின்சியைத் தெரியும் என்பார்கள். பயம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். இருபத்திமூன்று லாரிகள் வைத்திருக்கும் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் வண்டிகளுக்கும் டிரைவர்களுக்கும் அவள்தான் பொறுப்பு. முதலாளி ஆதிநாராயணன் வாரத்தில் ஒரு நாள் வந்து காப்பி குடித்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போவார். மற்ற ஆறு நாளும் கம்பெனி என்றால் பிரின்சிதான்.

வயது முப்பத்தொன்பது. அப்பாவும் அம்மாவும் கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். வயலெல்லாம் ஆலையானதும் அப்பா அதில் ஒன்றின் கேட்டில் வாட்ச்மேன் ஆனார். பிரின்சி பன்னிரண்டாவது முடித்த கையோடு இந்தக் கம்பெனிக்கு லோடு பில் டைப் அடிக்க வந்தாள். பி.காம் பட்டத்தை அஞ்சல் வழியில் எழுதி வாங்கியதெல்லாம் அதற்கப்புறம். அவள் வந்த புதிதில் வண்டிக் காகிதங்கள் அத்தனையும் ஒரு சிமெண்ட் சாக்கில் கிடந்தன. எந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டது என்பது போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தும்போதுதான் தெரியவரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் அந்தச் சாக்கைத் தரையில் கொட்டிப் பிரித்தவள் அவள்தான். அன்றைக்குப் பிடித்த பிடியை இன்றுவரை விடவில்லை.

இப்போது அவள் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்குகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரிசை. இன்ஷூரன்ஸ், பர்மிட், ரோடு டாக்ஸ், புகைச் சான்று, எஃப்.சி. என்று ஐந்து கட்டங்கள். எஃப்.சி. என்பது வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டி, இது ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று வாங்குகிற சான்று. ஐந்து கட்டமும் பச்சையாக இருந்தால்தான் சாவி ஆணியில் தொங்கும். ஒன்று சிவப்பானாலும் சாவி அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் போய்விடும். அப்புறம் முதலாளியே வந்து நின்றாலும் அது வெளியே வராது. காலையில் ஒவ்வொரு வண்டிக்கும், டயர், பிரேக் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவாள். அந்தத் தாள் இல்லாமல் ஒரு வண்டியும் கேட்டைத் தாண்டாது.

ஃபோன் விஷயத்தில் அவள் இன்னும் கறார். ஓட்டும்போது ஃபோன் எடுத்தால் இருநூறு ரூபாய் அபராதம். எடுத்தார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்? அவளே கூப்பிடுவாள். கம்ப்யூட்டர் திரையில் வண்டியின் புள்ளி நகர்ந்துகொண்டிருக்கும். இவள் இங்கிருந்து ஃபோன் போடுவாள். அந்தப் பக்கம் 'ஹலோ' என்று கேட்டால், பதில் சொல்லாமல் வைத்துவிட்டு ஒரு சிவப்பு நோட்டில் பெயரை எழுதுவாள். மேடம் பொறி வைக்கிறார் என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். மூன்று வருஷத்தில் எலிகள் பழகிவிட்டன. வண்டி ஓடும்போது பிரின்சியின் பெயர் ஃபோனில் வந்தால் ஒருவரும் தொடுவதில்லை. காரணமில்லாமல் கால் மணி நேரம் நின்றாலும் ஏன் நின்றாய் என்று கேள்வி வருமாகையால், வழியில் யாரும் நிற்பதும் இல்லை.

மணவாளன் ஒருவன்தான் விதிவிலக்கு. சிவப்பு நோட்டில் அவன் பெயர் பதினொரு முறை வருகிறது. திங்கட்கிழமை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று அவனுக்கு ஒரு கடிதம் அடித்துவைத்திருந்தாள் பிரின்சி. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இத்தனை கறாரான பெண் ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் 'எஃப்.சி. டயர்' என்று ஆறு புது டயர்கள் இருந்தன. எந்த வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகிறதோ அதற்கு அந்த ஆறையும் மாட்டி அனுப்புவார்கள். சான்று வாங்கித் திரும்பியதும் கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டுவார்கள். அவள் வருவதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். ஆனால் அதற்குத் தேதி போட்டு, வரிசை போட்டு, ஒரே செட்டில் இருபத்திமூன்று வண்டிகளையும் தேற்றிவிடலாம் என்று திட்டம் எழுதிக் கொடுத்தது அவள்தான். முதலாளி மெச்சிக்கொண்டார். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். கழற்றிய வண்டிக்கு ஓடக்கூடிய டயராகப் பார்த்துப் போடு என்று டயர் வேலை பார்க்கும் ஆசீர்வாதத்திடம் சொல்லிவைத்திருந்தாள். சொன்னதோடு சரி.

அந்தச் சனிக்கிழமை ஆடி மாதத்து மூன்றாவது சனி. காலையில் இரும்புக் கம்பி ஆலையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஆர்.கே.பேட்டைக்கு ஒரு லோடு கம்பி உடனே போக வேண்டும், பத்து மணிக்குள் வண்டி வராவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அதற்கென்று வைத்திருந்த வண்டியில் கிளட்ச் போய்விட்டது. பிரின்சி சுவரைப் பார்த்தாள். 4417 நம்பர் வண்டிக்கு ஐந்து கட்டமும் பச்சை. புதன்கிழமைதான் எஃப்.சி. ஆகியிருந்தது. தாளை எடுத்தாள். 'டயர்' என்ற இடத்தில் புதன்கிழமைத் தாளைப் பார்த்து 'நன்று' என்று எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், சாவியைச் செங்கல்வராயனிடம் கொடுத்தாள்.

செங்கல்வராயன் ஐம்பத்தாறு வயது மனிதர். கம்பெனியிலேயே மூத்த டிரைவர். சிவப்பு நோட்டில் அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. தாளை வாங்கி வண்டிக்குப் போனவர் இடப்பக்க முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிரின்சி அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு அவர் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டார்.

பத்து ஐம்பதுக்கு ஆசீர்வாதம் வந்தான். கையில் டயர் கழற்றும் கடப்பாரை இருந்தது.

"அக்கா, 4417 எங்கக்கா? ஷெட்டுல காணோமே."

லோடுக்குப் போயிருக்கிறது என்றாள் பிரின்சி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கடப்பாரை தரையில் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ஆசீர்வாதத்தின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நேத்து சாய்ந்தரமே எஃப்.சி. டயரைக் கழட்டி 2093-க்கு மாட்டிட்டேங்கா, திங்கக்கெழமை அதுக்குத்தானே தேதி. 4417-ஓட டயரு தேஞ்சுபோச்சுன்னு, மேல புது ரப்பர் ஒட்டி பட்டன் போட செங்குன்றத்துல குடுத்துகீது. அதுவரைக்கும் நிக்கிற வண்டிதானேன்னு குப்பையில கெடந்ததை எடுத்து மாட்டி வெச்சேன். முன்னாடி லெஃப்ட்டுல ரப்பர் போய் உள்கம்பியே தெரியும்க்கா."

பிரின்சி திரைக்குத் திரும்பினாள். பத்து டன் இரும்புக் கம்பி. முன் சக்கரம் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. வண்டி இடப்பக்கமாகத்தான் இழுத்துக்கொண்டு போகும். இன்றைக்கு அந்த ரோட்டின் இடப்பக்கத்தில் யார் நடந்துகொண்டிருப்பார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாளை ஆடி ஞாயிறு. பெரியபாளையத்தம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர்கள் முந்தின நாளே கிளம்பிவிடுவார்கள். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக, பானையும் விறகும் கோழியும் சுமந்து, பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ரோட்டோரம் முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். வருஷா வருஷம் அந்தக் கூட்டத்தில் அவளுடைய வண்டிகள் மாட்டித் தாமதமாகும். அவளும் டிரைவர்களைத் திட்டுவாள்.

புள்ளி கவரைப்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. வேகம் நாற்பத்திநான்கு. புதுவாயலில் மேற்கே திரும்பினால் ஆரணி, அதைத் தாண்டினால் பெரியபாளையம். இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை.

செங்கல்வராயனைக் கூப்பிட்டாள். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். அடித்து ஓய்ந்தது. ஆசீர்வாதத்தின் ஃபோனை வாங்கி அதிலிருந்து அடித்தாள். யார் ஃபோனாக இருந்தால் என்ன, ஓட்டும்போது எடுக்காத மனிதர் எடுக்கவே மாட்டார். மூன்றாவது முறை தன் ஃபோனிலிருந்து கூப்பிடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. எத்தனை முறை கூப்பிடுகிறோமோ அத்தனைக்கு அத்தனை, மேடம் இன்றைக்குப் பெரிய பொறியாக வைக்கிறார் என்று அவர் நினைத்துக்கொள்வார். போன பொங்கலுக்கு நல்ல டிரைவர் என்று அவருக்கு அவளே கைக்கடிகாரம் பரிசு கொடுத்திருந்தாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே சுடப்போவது அவளையல்ல, அதுதான் கொடுமை.

புள்ளி புதுவாயலில் திரும்பியது. அந்த ரோட்டில் இன்னொரு வண்டி இருக்கிறதா என்று தேடினாள். ஒன்று இருந்தது. திருவள்ளூரில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி, பெரியபாளையத்தைத் தாண்டி எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. ஓட்டுவது யார் என்று பார்த்தாள். மணவாளன்.

ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை.

"சொல்லுங்க மேடம். எழுதிக்கினீங்களா இருநூறு?"

திரையில் அவன் வேகம் நாற்பத்தாறு. அதைப் பார்த்துக்கொண்டே அவள் பேசினாள்.

"மணவாளன்ணா, ஃபோனை வெச்சிராதீங்க."

இந்தப் பத்து வருஷத்தில் அவனை அவள் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே அவனுக்கு விஷயம் பெரிது என்று புரிந்திருக்க வேண்டும். குறுக்கே பேசாமல் கேட்டான். அவள் டயர் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"நான் கை காட்டுனா அவுரு நிக்க மாட்டாரு மேடம்," என்றான். "டீ குடிக்கக் கூப்புடறேன்னு நெனைப்பாரு. நின்னா நீங்கதான் ஏன் நின்னேன்னு கேப்பீங்களே."

"அப்ப இன்னா பண்றது?"

"ஆரணிக்கு அந்தாண்ட ஒரு கால்வாய்ப் பாலம் கீது. ஒரு வண்டி அகலந்தான். அங்க குறுக்கப் போட்டுடறேன். போலீசு வந்தா பேஜாரு ஆயிடும், அதான் கேக்கறேன்."

நடுரோட்டில் வண்டியைக் குறுக்கே நிறுத்துவது எந்தச் சட்டப் பிரிவில் வரும், என்ன தண்டனை என்பது பிரின்சிக்கு மனப்பாடம்.

"போடுங்க. யார் வந்து கேட்டாலும் எம்பேரைச் சொல்லுங்க," என்றாள்.

அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று நோக்கி ஊர்ந்தன. மணவாளனின் புள்ளி ஆரணிக்குள் மெதுவாகியது. கடைத்தெருவில் கூட்டமாக இருக்கும். செங்கல்வராயனுடையது நாற்பத்திநான்கிலேயே வந்தது. அவர் வேகத்தை ஏற்றவும் மாட்டார், இறக்கவும் மாட்டார். டீசல் மிச்சமாகும் என்று அந்த வேகத்தை வகுத்துக் கொடுத்ததும் அவள்தான். பின்னால் ஆசீர்வாதம் "ஏசப்பா, ஏசப்பா" என்று முனகிக்கொண்டிருந்தான். பிரின்சிக்கு ஜெபம் வரவில்லை. காலையில் முன் சக்கரத்தின் பக்கத்தில் செங்கல்வராயன் நின்ற நிலைதான் கண்ணில் நின்றது. எழுந்துபோய் இருபது அடி நடந்து பார்த்திருக்கலாம். இருபது அடி!

மணவாளனின் புள்ளி ஆரணியைத் தாண்டி, நின்றது. மற்றது வந்துகொண்டே இருந்தது. நாற்பத்திநான்கு. முப்பத்தெட்டு. இருபது. பூஜ்யம்.

பூஜ்யம் என்றால் நின்றுவிட்டது என்றும் அர்த்தம், கவிழ்ந்துவிட்டது என்றும் அர்த்தம். திரைக்கு இரண்டும் ஒன்றுதான். மணவாளனைக் கூப்பிட்டாள். எந்நேரமும் ஃபோனை எடுக்கிற அந்த மனிதன் இப்போது எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டு. மூன்று. ஆசீர்வாதம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான்காவது நிமிடம் அவள் கையிலிருந்த ஃபோன் அடித்தது. பெயரைப் பார்த்தாள். செங்கல்வராயன்.

"பிரின்சிம்மா, நெறைய வாட்டி கூப்ட்டிருக்கற போல," என்றார் அவர் நிதானமாக. "வண்டி ஓடிக்கினு இருந்துச்சு, அதான் எடுக்கல. இப்ப நின்னுகினு கீறேன். சொல்லும்மா, இன்னா?"

அவள் ஃபோனைக் காதில் வைத்தபடியே அழுதாள். அந்த ஆபீசில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. ஆசீர்வாதம் பார்த்துவிட்டு வெளியே போனான்.

ஐந்து நிமிடத்தில் அவன் பின்னாலேயே போய், 2093-இலிருந்து இரண்டு முன் டயர்களையும் கழற்றச் சொன்னாள். திங்கட்கிழமை எஃப்.சி. இருக்கிறதே என்றான் அவன். அது நிற்கட்டும் என்றாள். கம்பெனி வேனில் டயர்களை ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். வழியிலேயே முதலாளிக்கு ஃபோன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். எஃப்.சி.க்கென்று டயரை மாற்றி மாற்றி மாட்டுவது இனிமேல் கிடையாது, தேய்ந்த டயரில் ஓடுவதாக ஆசீர்வாதம் சொல்லும் ஆறு வண்டிகளையும் புது டயர் வரும்வரை நிறுத்துகிறேன் என்றாள்.

ஆதிநாராயணன் கெட்டவர் அல்ல. ஆனால் வியாபாரி.

"ஒரே செட்டுல ஓட்டிக்கலாம்னு எழுதிக் குடுத்ததே நீதானேம்மா," என்றார்.

"ஆமா சார். அன்னிக்கி எழுதுனதும் நான்தான். இன்னிக்கி நிறுத்தறதும் நான்தான்."

திங்கட்கிழமை நேரில் வருகிறேன், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். வேலை இருக்குமா போகுமா என்பது அந்தக் குரலில் தெரியவில்லை. அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு அப்போது நேரமும் இல்லை.

பாலத்தருகே போய்ச் சேர்ந்தபோது மணவாளன் தன் வண்டியை ஓரம் கட்டி வழிவிட்டிருந்தான். தடுத்து நிறுத்தியதற்குப் பேருந்துக்காரர்கள் திட்டிய திட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததில் ஃபோனைக் கவனிக்கவில்லை என்றான். பிரின்சி நேராக 4417-இன் முன் சக்கரத்துக்குப் போய்க் குனிந்தாள். ரப்பர் தேய்ந்து, அடியிலிருந்த கம்பி இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கை வைத்தாள். சுட்டது, குத்தவும் செய்தது. பக்கவாட்டில் ஒரு முஷ்டி அளவுக்குப் புடைத்திருந்தது. அவளுக்குப் பின்னால், ஓரமாக, வேப்பிலைக் கொத்தோடு ஒரு குடும்பம் போனது. அப்பனின் தோளில் மொட்டையடிக்கப் போகும் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

செங்கல்வராயன் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். அவள் போய் முன்னால் நின்றாள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், கடைசியில் நேராகவே கேட்டுவிட்டாள்.

"காலையில நீங்க பாத்தீங்களே அண்ணா. ஏன் ஏறுனீங்க?"

"பாத்தேம்மா," என்றார் அவர். "பாத்துட்டு, இது லோடுக்குத் தாங்காதேன்னுதான் நெனைச்சேன். அப்புறம் தாளைப் பாத்தேன். நல்லா கீதுன்னு நீ கையெழுத்துப் போட்டிருந்த. நீ போட்டா தப்பா இருக்காது, நமக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சுன்னு ஏறிட்டேன்."

அவர் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊரில் சொல்வார்கள். இந்த மனிதர் பதினாலு வருஷமாக அவள் எழுதிக் கொடுத்த சுரைக்காயை நம்பி, தன் கண்ணையே சந்தேகப்படக் கற்றுக்கொண்டிருக்கிறார்! அவள் ஆசீர்வாதத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் கழற்றிய நட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டாள். பின்சக்கரம் நான்கையும் அவனோடு சேர்ந்து தடவிப் பார்த்தாள். அவை சுமார்தான், லோடோடு ஆர்.கே.பேட்டை போகத் தாங்காது. கம்பியை ஆரணியிலேயே மணவாளனின் வண்டிக்கு மாற்றி அனுப்பினாள். ஆலைக்காரர்கள் ஃபோனில் கத்தினார்கள், கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பியதும் சிவப்பு நோட்டை எடுத்தாள். மணவாளன், வேகம் நாற்பத்தாறு, ஃபோன் எடுத்தது என்று எழுதினாள். எடுத்தது எடுத்ததுதான். அதற்கடியில், 4417, டயரைப் பார்க்காமல் கையெழுத்து, பிரின்சி என்று எழுதினாள். மூன்று வருஷத்தில் அந்த நோட்டில் அவள் பெயர் வந்தது அதுதான் முதல்முறை. மணவாளனுக்கு அடித்துவைத்த கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டாள். அவசரமென்றால் திரும்பத் திரும்ப அடிக்காமல் மூன்று முறை அடித்து நிறுத்துவேன், அப்போது எல்லாரும் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும், இனிமேல் சோதிப்பதற்காகக் கூப்பிட மாட்டேன் என்று எல்லா டிரைவருக்கும் ஒரே செய்தியாக அனுப்பினாள்.

முதலாளி திங்கட்கிழமை காலை வந்தார். ஆறு சாவிகள் ஆணியில் இல்லாததைப் பார்த்தார். அவளுடைய சாப்பாட்டுப் பையையும் பார்த்தார். ஆறு வண்டிக்கும் ஒரே நேரத்தில் டயர் வாங்க முடியாது, வாரத்துக்கு ஒரு வண்டிக்கு வாங்கித் தருகிறேன் என்றார். சரி, வாரத்துக்கு ஒரு சாவி தருகிறேன் என்றாள் அவள். அவர் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

செங்கல்வராயனுக்கு அன்றைக்கு வேறொரு வண்டி. பிரின்சி தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மழை பெய்த சேற்றில் மண்டி போட்டு, ஆறு டயரையும் கையால் தடவிப் பார்த்து, அங்கேயே நின்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அதைப் படிக்கவில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு தானே வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் குனிந்தார், கை வைத்துப் பார்த்தார், காலால் ஒரு உதை கொடுத்தார்.

பிரின்சி சேற்று முழங்காலோடு, அவர் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.